விரிசலுக்கு வைத்த பேர்

செப்டம்பர் 2, செவ்வாய்

சங்கக் கூட்டத்தில் செகரட்டரி ராபின்சன் சொன்னார், இனிமேல் பிளாக்கில் நடக்கிறதையெல்லாம் ஆளுக்கொருத்தர் தேதி போட்டு எழுதி வைக்கணுமாம். நாளைக்கு எங்கே போய் நின்றாலும் உதவுமாம். எல்லாரும் தலையாட்டினார்கள். எழுதப் போவது நான் ஒருத்திதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் படித்தது நாலாங்கிளாஸ். அதனால் என்ன, வாய் போகிற தூரத்தில் பாதியாவது கை போகாதா.

என் பேர் டில்லிபாய். ஏழாம் பிளாக், தரைத்தளம். வாசலில் மீன் வறுக்கிற கடை. வீட்டுக்காரர் முனிரத்தினம் முன்னாடி ஆட்டோ ஓட்டினார், இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சில் ஏதோ சின்ன அடைப்பு, பெரிசாக ஒன்றுமில்லை. கால்வாய் ஓரத்தில் இருந்த எங்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த பிளாக்குகளில் இறக்கினார்கள். இறக்கின மறுவருஷமே சுவர் வாயைத் திறந்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்த வீடுகளைக் கட்டிக்கொடுத்த வாரியத்து ஆபீஸில் இருக்கிற ஏ.ஈ. சார், அதாவது என்ஜினியர், சுவரில் ஆணி அடித்து, தண்ணீர் ஊற்றி நாங்களேதான் கட்டடத்தைக் கெடுத்தோம் என்கிறார். அது உண்மை என்று முடிவானால் ஏழாம் பிளாக்கைக் காலி பண்ணிவிட்டு எங்களை இன்னும் தெற்கே, பஸ் நிற்காத ஒரு இடத்துக்கு அனுப்புவார்கள். கட்டினதிலேயே கோளாறு என்று நாங்கள் காட்டினால் கான்ட்ராக்டர் செலவில் ரிப்பேர், நாங்கள் இங்கேயே. விசாரணை இருபத்திரண்டாம் தேதி. அதற்குள் ஒவ்வொரு வீட்டு விரிசலையும் படம் எடுத்துக் கொடுக்கணும்.

இன்னொரு தடவை லாரி ஏற மாட்டேன். முதல் வரியிலேயே எழுதியிருக்கணும் இதை.

செப்டம்பர் 4, வியாழன்

என் பொண்ணு கஸ்தூரி ஸ்கூலில் கொடுத்த லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போனாள். சாவி மேலே தமிழ் எழுத்து ஸ்டிக்கரெல்லாம் அவளே ஒட்டியது. அதனால் படங்களைச் சேர்க்கிற வேலை என் தலையில்.

லேப்டாப்புக்குள் ரெண்டு பேர் குடியிருந்தார்களாம். ஒருத்தர் விண்டோஸ், இன்னொருத்தர் லினக்ஸ். விண்டோஸ் போன வருஷமே செத்துப்போச்சு. ராபின்சன் எலக்ட்ரீஷியன், இதெல்லாம் கொஞ்சம் தெரியும்.

"பரவாயில்லக்கா, இன்னொன்னு நல்லாத்தான் கீது. இதுவே போதும்" என்றார்.

"எங்க வூட்ல மாதிரி, ஒன்னு படுத்தாலும் ஒன்னு ஓடுது" என்றேன். முனிரத்தினம் முறைத்தார்.

போனிலிருந்து படம் வரும்போது பேரெல்லாம் ஐ.எம்.ஜி. என்று ஆரம்பித்து ஒரு முழ நம்பராக வருகிறது. யார் வீட்டு விரிசல் எது என்று எனக்கே தெரியவில்லை. ராபின்சன் சொன்னார், வீட்டு நம்பரைப் பேராக வை என்று. எங்கள் வீட்டு நம்பரெல்லாம் பிளாக் நம்பர் போட்டு, ஒரு சாய்ந்த கோடு போட்டு, அப்புறம் கதவு நம்பர். ஜரீனா வீடு 7/32. அடித்தேன். அந்தச் சாய்ந்த கோடு மட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டது லேப்டாப். ரேஷன் கார்டில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, கரண்டு பில்லில் இருக்கிறது, இதற்கு ஆகாதாம்.

"வேற எது ஆவும்?" என்று கேட்டேன்.

"இந்த சிஸ்டத்துல மத்தது எல்லாம் ஆவும்க்கா. இன்னா வேணா போடு."

அந்த மனுஷன் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மூணாம் மாடி ஜரீனா டெய்லர். அவள் வீட்டுச் சுவர் விரிசலில் ஸ்கேலை நுழைத்தால் அடுத்த வீட்டில் முனை தெரிகிறது. நிஜமாகவே. அந்த வீட்டுக்காரி இழுத்துப் பார்த்துவிட்டு "இது யாரு ஸ்கேலு" என்று கேட்டாள்.

அந்தப் படத்துக்கு என்ன பேர் வைக்கலாம் என்று ஜரீனாவையே கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: "எங்க சுவரு வழியா பக்கத்து வீட்டு சீரியல் தெரியுது, கேபிள் காசு யாரு கட்டறது சார்?"

அப்படியே அடித்தேன். கேள்விக்குறியோடு. ஏற்றுக்கொண்டது.

அவ்வளவுதான், பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானம் என் கடை முன்னாடி கும்பல். மீன் வாங்க ஒருத்தரும் இல்லை, எல்லாரும் பேர் வைக்க வந்தவர்கள். இரண்டாம் மாடி ஏகவல்லி: "மேல் வீட்ல குளிச்சா கீழ் வீட்ல நாங்க ஏன் நனையணும்?" படிக்கட்டுப் படத்துக்கு அவள் புருஷன்: "இந்தப் படியில உங்க மாமியாரை ஏத்துவீங்களா?" தூண் படத்துக்கு நான்: "கம்பி வெளிய வந்து எட்டிப் பாக்குது, அதுக்கும் தெற்கே வீடு உண்டா?"

ராபின்சன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எக்கா, இது ஆபீஸுக்குப் போறது."

"அதான தம்பி. நம்பர் போட்டா நம்பரைப் படிச்சுட்டு மூடி வச்சுடுவாங்க. கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல."

அவருக்கும் சிரிப்பு வந்தது. பார்த்தேன்.

எங்கள் வீட்டைப் படம் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. சாயந்திரம் பீரோவைப் படுக்கிற பக்கத்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளி வைத்தேன். நடுவில் இடம் தாராளமாக இருக்கட்டும் என்றுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேர் வைக்கிறதிலும் ஒரு அளவு இருக்கிறது. நாலாம் மாடி கெஜலட்சுமி, கால்வாயிலிருந்து லாரி ஏறின நாள் முதல் ஆரம்பித்தாள். பாதியில் லேப்டாப் "பேர் நீளம்" என்று நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்து அவள் பேச்சை நிறுத்தின ஒரே ஆள் அதுதான். அவள் புருஷன் அதைத் தொட்டுக் கும்பிட்டான்.

ராத்திரி காற்றே இல்லை. இரண்டு பேரும் வாசற்கதவுகிட்டேயே பாய் போட்டுக்கொண்டோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பென் டிரைவை எடுத்துக்கொண்டு நானும் ராபின்சனும் ஆபீஸுக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு ஹேமலதா. கான்ட்ராக்ட் வேலை, நெற்றியில் எப்போதும் தலைவலித் தைலம். செருகினாள். பேரெல்லாம் வந்தது. ஒன்றும் திறக்கவில்லை. எதை அமுக்கினாலும் பேர் தப்பு, பேர் தப்பு என்று ஒரு சின்னப் பொட்டி வந்து நிற்கிறது.

"பேர்ல கேள்விக்குறி போட்டிருக்கீங்க. விண்டோஸ்ல அது ஆகாதும்மா."

"எங்க வூட்ல ஆச்சே மேடம்."

"உங்க வீட்ல வேற சிஸ்டம். அது எதையும் சகிச்சுக்கும். இது கேள்விக்குறி, நட்சத்திரம், ரெண்டு புள்ளி எதையும் விடாது."

"கேள்வியே கேக்க விடாத மிஷினா பாத்து வாங்கி வச்சிருக்கீங்க" என்றேன்.

ஹேமலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளறையைப் பார்த்தாள். அங்கிருந்து ஏ.ஈ. சார் எழுந்து வந்தார். ஸ்கிரீனில் குனிந்து ஒவ்வொரு பேராகப் படித்தார். மாமியார் வரி வரும்போது காது சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். நிறைய சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

ஹேமலதா பென் டிரைவை வாங்கி வைத்துக்கொண்டாள். பெரிய ஆபீஸில் ஒரு சிஸ்டம் ஆள் இருக்கிறாராம். அங்கே இருக்கிற மெஷின் எந்தப் பேரையும் தானே சுத்தம் பண்ணி ஏற்றிக்கொள்ளுமாம்.

சுத்தம் என்று சொன்னாள். அப்போதே கேட்டிருக்கணும்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தாச்சு. மீன் கேட்பாரில்லை. வஜ்ஜிரம் என்னைப் பார்க்கிறது, நான் வஜ்ஜிரத்தைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

விசாரணை.

பெரிய மேசை, ஐந்து ஆபீஸர்கள், சுவரில் படம் காட்டுகிற திரை. நாங்கள் பின்னாடி நின்றோம். படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஒவ்வொன்றின் கீழும் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு, கோடு, கோடு. சின்னக் கோடாக வரிசையாக.

அதுகூடப் பரவாயில்லை. பாதிப் படங்களுக்கு மேல் காணவே இல்லை. ஜரீனா சுவர் இல்லை. தூண் இல்லை. கக்கூஸ் ஒழுகல் இருந்தது, அது தெளிவாக இருந்தது.

ஏ.ஈ. சார் எழுந்து சொன்னார், வந்த படங்களில் பெரும்பாலும் ஈரக்கசிவும் பூச்சு உதிர்வும்தான், தூணிலோ சுவரிலோ பெரிய பாதிப்பு இருப்பதாக எந்தப் படமும் இல்லை, குடியிருப்போர் பராமரிக்கத் தவறியதே காரணம் என்று. ஜரீனா "எங்க வூட்டுப் படம் எங்க சார்?" என்று கேட்டாள். "கொடுத்திருந்தா வந்திருக்கும்மா" என்றார்.

வெளியே வந்ததும் ராபின்சன் என்னிடம் சத்தமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கே சொன்னேன்க்கா. ஒழுங்கா நம்பர் போட்டிருந்தா ஜரீனா சுவரு திரையில வந்திருக்கும். உன் நக்கலுக்கு பிளாக்கையே குடுத்துட்டோம்."

பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கத்திரிக்காய் சாம்பார் வைத்தேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ஹேமலதா வந்தாள். ஆபீஸ் முடிந்து, பஸ்ஸை விட்டுவிட்டு, என் கடையைத் தேடிக்கொண்டு. கையில் நான் கொடுத்த பென் டிரைவ்.

"விரதம் எதுவும் இல்லையே?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்லக்கா. சாப்பிடுவேன்."

இரண்டு வாரத்தில் மேடத்துக்கு நான் அக்காவாகியிருந்தேன். ஒரு துண்டு வறுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

பெரிய ஆபீஸ் மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் தவிர வேறு எதுவும் தெரியாத மாதிரி எழுதி வைத்திருக்கிறார்களாம். தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுவிடும். எங்கள் பேரெல்லாம் தமிழ். அதனால் எல்லாமே கோடு. இரண்டு பேர் ஒரே நீளமாக இருந்தால் கோடும் ஒரே நீளம். மெஷினுக்கு அது ஒரே பேர். முன்னாடி வந்த படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னாடி வந்ததை அங்கே உட்கார வைத்துவிடும். சத்தமே போடாதாம்.

"அப்போ ஜரீனா சுவரு?"

"யாரோ வீட்டு பாத்ரூம் ஒழுகல் பேரும் அதே நீளம் போலருக்கு. அது மேல உக்காந்துடுச்சு."

நான் சிரித்தேன். சிரிக்கிற விஷயமில்லை என்று தெரியும். மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்தது, சிரிப்பாக வந்துவிட்டது. ஜரீனா சுவர் மேல் கக்கூஸ். அளவாகத் திட்டினவர்கள் எல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து போனார்கள். யாரும் பேசாத நீளத்துக்குப் பேசின கெஜலட்சுமி மட்டும் பத்திரமாகத் திரையில் வந்தாள்.

"நீங்க கொடுத்த எல்லாமே இதுல அப்படியே இருக்குக்கா. மறுபடி கொடுக்கலாம். ஒரு வாரம் டைம் கேட்டு சங்கத்துல மனு போடுங்க. படம் தொலைஞ்சது எங்க பக்கம்னு நான் எழுதித் தரேன்."

"எழுதினா உனக்கு வேலை போவாது?"

தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தாள். "போனா போகட்டும், தலைவலியாவது நிக்கும்" என்றாள்.

காசு கொடுக்க வந்தாள். வாங்கவில்லை. நெற்றியில் தைலம், வாயில் வஜ்ஜிரம், இப்படி ஒரு ஆபீஸர் அமைவது கஷ்டம்.

செப்டம்பர் 26, வெள்ளி

மனு போட்டோம். ஹேமலதா எழுதிக் கொடுத்ததையும் சேர்த்தோம். ஏ.ஈ. சார் படித்தார். டைம் கொடுக்கிறேன், ஆனால் இரண்டு விஷயம் என்றார். ஒன்று, படத்துக்குப் பேர் இங்கிலீஷில், பிளாக் நம்பர், வீட்டு நம்பர், படம் நம்பர், அவ்வளவுதான். ஒரு எழுத்து கூடக் கூடாது. இரண்டு, போன தடவை வைத்த பேர்களெல்லாம் அரசு ஊழியரைக் கேலி பண்ணுகிறது. அதற்குச் சங்கம் சார்பில் மன்னிப்புக் கடிதம்.

ராபின்சன் என்னைப் பார்த்தார். நான் ஏ.ஈ. சாரைப் பார்த்தேன்.

"சார், அதுல எது பொய்யினு சொல்லுங்க. அதுக்கு மட்டும் மன்னிப்பு எழுதறேன்."

"பொய்யா உண்மையாங்கிறது இல்லம்மா. மரியாதை."

"மேல் வீட்ல குளிச்சா கீழ நனையறாங்க சார். அது மரியாதையா?"

"நீங்க வெளிய இருங்க, நான் செகரட்டரிகிட்ட பேசிக்கறேன்."

வெளியே வந்தேன். ராபின்சன் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் தப்புச் சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடு இதே பிளாக்தான். கொஞ்ச நேரத்தில் வந்தார். கையில் வெள்ளைப் பேப்பர், மடித்தபடி.

"போட்டியா?"

"எதைப் போட்றது. மாமியார் வரி எழுதினவன் என் மச்சான். அவனை மன்னிக்கச் சொல்லி நான் ஏன் எழுதணும்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேர் நம்பராகத்தான் இருக்கணும். சரி. பேரை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். படத்துக்குள்ளே இருப்பதை எந்த மெஷின் சுத்தம் பண்ணும்?

காலையில் ஜரீனாவிடம் போய் டெய்லர் சாக்கு கேட்டேன். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸ். அவள் வீட்டுச் சுவரில், விரிசலுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் எழுதினேன். சீரியல், கேபிள் காசு, கடைசியில் இத்தனை பெரிய கேள்விக்குறி. பக்கத்தில் ஜரீனா ஸ்கேலைச் சொருகிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராபின்சன் படம் எடுத்தார். படத்துக்குப் பேர் பி7, ஹெச்32, 01. ஏ.ஈ. சார் கேட்டது கேட்டபடி.

"இதுல ஒரு எழுத்து கூட அதிகம் இல்ல" என்றார் ராபின்சன். தானே எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாதிரி அவ்வளவு பெருமை.

அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. அவரவர் சுவரில் அவரவரே எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். ஏகவல்லி புருஷன் படிக்கட்டில் மாமியார் வரியை எழுதிவிட்டு, ஏகவல்லியின் அம்மாவையே அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தான். அந்த அம்மா கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த வருஷத்தின் நல்ல படம் அதுதான். கெஜலட்சுமிக்கு இந்தத் தடவை யாரும் அளவு சொல்லவில்லை. ஹால், கிச்சன் தாண்டி மாடிப்படி வரைக்கும் எழுதினாள்.

செப்டம்பர் 29, திங்கள்

ராபின்சன் லிஸ்டை வைத்துக்கொண்டு வந்தார். "எக்கா, ஒரு வூடு மட்டும் பாக்கி. உன்னுது."

"எங்க வூட்ல ஒன்னும் இல்லன்னு சொன்னேன்ல."

"சரி. வந்ததுக்கு ஒரு டீ குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முனிரத்தினம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தூங்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் பீரோவை மெதுவாக இழுத்தேன். அடியில் துணி போட்டு, சத்தம் வராமல்.

விரிசல் நான் மூடி வைத்தபோது இருந்ததைவிடக் கூரைப் பக்கம் ஏறியிருந்தது. அது எனக்கு ஆச்சரியமில்லை. கீழ்ப்பாதியில் யாரோ துணி சோப்பைக் கரைத்து வைத்து, விரலால் தேய்த்து, அழகாக அடைத்திருந்தார்கள். மேலே சுண்ணாம்புகூடத் தடவியிருந்தது. இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் அடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்.

"யோவ், எப்போ பண்ண இதை?"

"நீ மீன் எடுக்க காசிமேடு போற அன்னிக்கெல்லாம் பண்ணுவேன். பீரோவ நகத்தறதுக்குள்ள மூச்சு வாங்கிடும்."

"டாக்டர் கனமானதைத் தூக்காதன்னாரே."

"தள்னேன். தூக்கல."

"எதுக்குய்யா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஏன் சொல்லல?"

சோப்பு வாசனை வந்தது. நானும் தினம் கூட்டும்போது அந்த வாசனையை முகர்ந்திருக்கிறேன், துவைத்த துணி என்று நினைத்துக்கொண்டேன்.

நீலச் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தேன். ஆட்டோ பின்னாடி வரி எழுதின கை, எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. "பயந்துக்கினே தூங்கறதுக்குப் பேரு வீடா?" என்று எழுதினார்.

படம் நான் எடுத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

படங்களைக் கொடுத்தோம். ஹேமலதா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாம் திறந்தது, ஒன்றும் தொலையவில்லை. மன்னிப்புக் கடிதம் எங்கே என்று ஏ.ஈ. சார் கேட்டார். ராபின்சன் "அது எந்த விதியில சார் இருக்கு, காட்டுங்க, பார்த்துட்டு எழுதறோம்" என்றார். ஏ.ஈ. சார் விதியைத் தேடவில்லை. படத்தைப் பார்த்தார். சுவரில் இருக்கிற எழுத்தைப் பார்த்தார். "இதுவும் கேலிதான்" என்றார்.

"பேர்ல இல்ல சார். சுவத்துல இருக்கு. வந்து பாத்தாதான் தெரியும்" என்றேன்.

பெரிய என்ஜினியர் அம்மா ஒருத்தர் வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாக முடிவாகியிருக்கிறதாம். அதை ஹேமலதா பிரிண்ட் எடுக்கிற சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்.

அக்டோபர் 8, புதன்

காலையில் வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. வாளி, பிரஷ், ஏணி எல்லாம். நாளைக்கு அந்த அம்மா வருகிறார்களே, அதற்குள் பிளாக் சுத்தமாக இருக்கணும் என்று உத்தரவாம்.

மறுபடியும் சுத்தம். இந்தத் தடவை நான் கேட்டேன்.

"எதைச் சுத்தம் பண்ணப் போறீங்க நைனா?"

"சுவத்துல கிறுக்கியிருக்காம்மே, அதை."

நான் கடையைப் படிக்கட்டு வாசலுக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அடுப்பு, சட்டி, எண்ணெய், நான். ஏறணும் என்றால் கொதிக்கிற எண்ணெயைத் தாண்டித்தான் ஏறணும். ஜரீனா தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் படியில் போட்டாள். கெஜலட்சுமி அதற்கு மேல் படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். வெள்ளையடிக்கிற மேஸ்திரி அதையும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நாங்க கூலிக்கு வந்தவங்கம்மா. எங்க மேல ஏன் கோவம்."

"கோவமே இல்ல நைனா. வெளிப்பக்கம் பூரா அடிங்க, கை வலிக்க அடிங்க. உள்ள மட்டும் நாளைக்கு. விரதமா நீங்க?"

இருவர் விரதம், மூவர் இல்லை. மூவருக்கு மீன், இருவருக்கு ஏகவல்லி வீட்டு வெண்பொங்கல். வெளிச்சுவர் பளபளவென்று ஆகிவிட்டது. ஏ.ஈ. சார் இரண்டு தடவை மேஸ்திரிக்குப் போன் பண்ணினார். மேஸ்திரி வாயில் முள், பேச முடியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வந்தார்கள். தலை நரைத்த அம்மா, பருத்திப் புடவை, கால் கொஞ்சம் தாங்கி நடக்கிறார்கள். ஏ.ஈ. சார் பளபளக்கிற வெளிச்சுவரைக் காட்டினார். "உள்ள போலாம்" என்றார்கள்.

ஒவ்வொரு வீடாகப் போய் ஒவ்வொரு சுவரையும் படித்தார்கள். வாய்விட்டுப் படித்தார்கள், அதுதான் விசேஷம். ஜரீனா வீட்டில் ஸ்கேலைத் தானே வாங்கி நுழைத்தார்கள். மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "விடும்மா, திருப்பி எடுக்கணும்" என்றார்கள். மாமியார் வரியை ஏ.ஈ. சார் பக்கத்தில் நிற்கும்போது படித்தார்கள். அப்போதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த உதவியாளரிடம் "இந்தப் படியோட அகலமும் எழுதிக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்றார்கள். சோப்பை நகத்தால் சுரண்டினார்கள். பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கை போகிற மாதிரி இருந்தது.

"இது தூணோட சேர்ற இடம்" என்று ஏ.ஈ. சாரிடம் சொன்னார்கள். "ஆணி அடிச்சு வர்ற விரிசலா இது?"

அவர் குனிந்து, கொட்டின சோப்பைப் பார்த்தார்.

"இதை எழுதினது யாரு?" என்று என்னைக் கேட்டார்கள்.

"என் வூட்டுக்காரரும்மா."

"இனிமே இந்தச் சுவர் பக்கம் படுக்காதீங்க."

"ரொம்ப நாளா வாசல்ல தாம்மா படுக்கறோம்" என்றேன். சொன்னதற்கப்புறம்தான் தெரிந்தது, முனிரத்தினமும் அங்கேயேதான் நிற்கிறார். அவர் தலையை ஆட்டினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

உத்தரவு வந்தது. ராபின்சன் சத்தமாகப் படித்தார். பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதும். கட்டுமானக் குறைபாடு. செலவு கான்ட்ராக்டருடையது. இடமாற்றம் ரத்து. கீழ்த்தளத்தில் உடனே முட்டுக்கம்பி, அதற்கப்புறம் ஒவ்வொரு மாடியாகச் சரி பண்ண வேண்டும். வேலை நடக்கும்போது கீழ்த்தளத்துக்காரர்கள் மட்டும் காலியாக இருக்கிற எட்டாம் பிளாக்கில் தங்கலாம், முடிந்ததும் அவரவர் வீட்டுக்கே திரும்பலாம் என்று பேரும் கதவு நம்பரும் போட்டு எழுதியிருக்கிறது. சாய்ந்த கோடோடுதான்.

ராபின்சன் என்னிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தார். "அதெல்லாம் எழுத்துல குடு தம்பி" என்றேன்.

அக்டோபர் 18, சனி

புரட்டாசி முடிந்தது. கடைக்குக் கூட்டம்.

எட்டாம் பிளாக்கில் படுத்து எழுந்து இங்கே வந்து கடை போடுகிறேன். எங்கள் வீட்டுக்குள் இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டுக் கூரையைத் தாங்கியிருக்கிறார்கள். வாசலிலும் நாலு கம்பி நடணும் என்று ஏ.ஈ. சார் வந்தார். கடையை எடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார்.

"எத்தினி கம்பி சார்?"

"நாலும்மா."

"நடுங்க. நாலுக்கும் நடுவுல என் அடுப்பு சரியா நிக்கும்."

வேலையாட்கள் சிரித்தார்கள். ஏ.ஈ. சார் டேப்பை இழுத்து அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் அளந்து, தரையில் நாலு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் நட்டுவிட்டார்கள். இப்போது கம்பிக்கு நடுவில் நின்று மத்தி வறுக்கிறேன். ஜெயில் மாதிரி இருக்கிறது என்று முனிரத்தினம் சொல்கிறார். ஜெயிலென்றால் உள்ளே இருப்பவர்கள் வெளியே போக நினைக்கணும்.